நாலாம் வருஷ ஃபீஸை யார் கட்டுவது?

அமெரிக்காவில் பிள்ளை பதினோராம் வகுப்புக்கு வந்ததும் வீட்டில் கல்லூரிப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் வரி ஹார்வர்டு, அடுத்தது எம்ஐடி. மெரிட் ஸ்காலர்ஷிப்பை நம்பிப் பட்டியல் போடுகிறவர்கள் முதலில் அடிக்க வேண்டிய பெயர்கள் இவைதாம். ஐவி லீக் கல்லூரிகள் எட்டிலும் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூடத் தரமாட்டார்கள், எம்ஐடியும் அப்படியே. வருமானம் குறைந்த வீடென்றால் தாராளமாகக் கொடுப்பார்கள். இருவரும் கை நிறையச் சம்பாதிக்கும் நியூஜெர்சி தம்பதிக்குப் பெரும்பாலும் முழு பில்தான்: வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல்.

பிள்ளை தொற்றிக்கொண்டு நுழையும் இடத்தில் பணம் கிடைக்காது. பிள்ளையை எப்படியாவது இழுத்துவிட வேண்டும் என்று நினைக்கும் இடத்தில்தான் கிடைக்கும். அங்கே சேர்கிறவர்களின் எஸ்ஏடி மதிப்பெண்ணில் மேல் கால்வாசிக்குள் நம் பிள்ளை இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளக் கன்சல்டன்டுக்குப் பணம் அழ வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையின் ‘சி’ பகுதியில் மதிப்பெண் விவரம் இருக்கும். ‘எச்’ பகுதியில், பண நெருக்கடி இல்லாத எத்தனை மாணவர்களுக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இருக்கும்.

அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்த ஜிபிஏவுக்கும் இந்த எஸ்ஏடிக்கும் இவ்வளவு என்று அட்டவணையே உண்டு. பிஎஸ்ஏடி வழியாக நேஷனல் மெரிட் இறுதிச் சுற்றுக்கு வந்த பிள்ளைக்கு அங்கே தனிக் கவனிப்பு. கிரீன் கார்டு இல்லாத, அதற்கு விண்ணப்பமும் போடாத எச்4 விசா பிள்ளைக்கு முன்பு நேஷனல் மெரிட் கதவு திறக்காது; இப்போது அமெரிக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை.

தனியார் கல்லூரிகளின் மெரிட் பணத்தில் பெரும் பகுதி ஆடித் தள்ளுபடி ரகம்: ஏற்றி எழுதிய விலையில் குறைப்பது. 30,000 டாலர் பரிசு என்றதும் மயங்காமல், கழித்த பிறகு கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று பாருங்கள். சேர்ந்தே தீருவேன் என்று கையெழுத்துப் போடும் ‘எர்லி டிசிஷன்’ பக்கம் போனால் நாலு இடத்து விலையை ஒப்பிடவே வழியில்லை. பெரிய பெயர் காலம் முழுக்கச் சோறு போடும் என்பாரும் உண்டு; கடன் வாங்காமல் கட்ட முடிந்தால் கட்டட்டும்.

என் கவலை வேறு. முதல் வருஷ ஸ்காலர்ஷிப் கடிதத்தைக் கொண்டாடுகிற வீடுகள் அதன் இரண்டாம் பக்கத்தைப் படிப்பதில்லை. ஜார்ஜியா மாநிலம் 1993 முதல் லாட்டரிப் பணத்தில் கொடுத்துவரும் ‘ஹோப்’ ஸ்காலர்ஷிப்பில், 30, 60, 90 கிரெடிட் முடியும்போது ஜிபிஏவைச் சோதிப்பார்கள், 3.0க்குக் கீழே இருந்தால் பணம் நிற்கும். பல கல்லூரிகளிலும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. பள்ளியில் ‘ஏ’ தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளை, இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் கால்குலஸும் பிசிக்ஸும் சேர்ந்து அழுத்தும்போது 2.8க்கு இறங்குவது அபூர்வமே இல்லை. பணம் போனதும் வேறு கல்லூரிக்கு மாறலாம் என்றால், இடையில் வருகிறவர்களுக்குப் பெரிய மெரிட் தொகைகள் எட்டுவது அரிது. ஜிபிஏ தப்பினாலும் தொகை வளராது. டியூஷன் வருஷா வருஷம் ஏறும்.

அதனால் கோடு 3.5 என்று வைத்திருக்கும் இடத்தை, தொகை எவ்வளவு பெரிதானாலும், இன்ஜினியரிங் போகிற பிள்ளையின் பட்டியலில் நான் சேர்க்கமாட்டேன். மற்ற இடங்களுக்கு, சேர்வதாக உறுதி சொல்ல வழக்கமான கடைசி நாளான மே 1க்கு முன் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: ஜிபிஏ இறங்கினால் ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா? மேஜர் மாற்றினால் தொகை தொடருமா? முதல் வருஷம் இதை வாங்கிய நூறு பேரில் நாலாம் வருஷமும் எத்தனை பேர் வாங்குகிறார்கள்? போனில் சொல்லும் பதில் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.