மழையை நிறுத்தும் மொட்டைப் பொம்மை!

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் ஆரணியில் நெசவுக் குடும்பங்களுக்குத் திண்டாட்டம்தான். தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தறி ஓடாவிட்டால் கூலி ஏது? பிள்ளைகளுக்கோ மழை விடுமுறை! அந்த மாதிரி நாட்களில் எங்கள் வீட்டுக் கூடம் ஜப்பான் பொம்மைப் பட்டறையாகிவிடும்.

சின்னஞ்சிறிய, கொஞ்சத் தோன்றுகிற பொருள்களை ஜப்பான்காரர்கள் 'கவாயி' என்கிறார்கள். பெண் குழந்தைகளின் பையிலும் பென்சில் டப்பாவிலும் வாயில்லாத பூனை ஒன்று இருக்குமே, 1974-ல் பிறந்த 'ஹலோ கிட்டி', அதுவும் இந்த ஜாதிதான். எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய 'தெரு தெரு போஸு'. சிரிக்காதீர்கள்! அவர்கள் பாஷையில் 'தெரு' என்றால் வெயில் அடிப்பது. 'போஸு' மொட்டைத்தலைச் சாமியார். மழை விடவேண்டுமென்று குழந்தைகள் இதை ஜன்னலில் கட்டித் தொங்கவிடுவார்களாம். நாம் மழை வேண்டிக் கொடும்பாவி இழுக்கிறோம். அவர்கள் மழை வேண்டாமென்று பொம்மை கட்டுகிறார்கள்!

ஒரு சாண் சதுரத் துணி. நடுவில் எலுமிச்சம்பழ அளவு இலவம்பஞ்சு. மூட்டையாகக் கூட்டிக் கழுத்தில் கட்டினால் தலை. கீழே தொங்குவது அங்கி. அவ்வளவுதான். அங்கே வெள்ளைத் துணி அல்லது காகிதம். நாங்கள் ரவிக்கை தைத்து மிஞ்சிய பட்டுத் துண்டுகளில் செய்கிறோம். பட்டு ஓரம் பிரியும், மடித்துத் தைத்துவிடுங்கள்.

போன வருஷம் இரண்டு நாளாகத் திண்ணையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார் எங்கள் வீட்டுக்காரர். பிள்ளைகள் போட்ட முடிச்சு நழுவுவதைப் பார்த்து, "இப்படிக் குடு" என்று வாங்கினார். அறுந்த இழையைப் பிணைக்கிற கையாயிற்றே, ஒரே சுண்டில் முடிந்துவிட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை! கை நடுங்கும் என் மாமியாருக்குப் பஞ்சு பிய்க்கிற உத்தியோகம்.

மழை விட்ட பிறகுதான் பொம்மைக்குக் கண் வைப்பது அங்கே ஒரு வழக்கம். கொழுந்தனார் மகள் தினமும் காலையில், "பெரியப்பா, கண்ணு வெக்கலாமா?" என்பாள். இவர் தறிக்குழியை எட்டிப் பார்த்து, "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். ஐந்தாம் நாள் பாவு தெருவுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் கறுப்பு இழையால் கண் வைத்தது அவரேதான்.

நீங்களும் நூல் கண்ணே வையுங்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் மணி, பட்டன் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் அடைத்துவிடும். எடுத்து வைக்கும்போது அந்துருண்டையும் போடாதீர்கள். மிட்டாய் என்று விழுங்கினால் விஷம். காய்ந்த வேப்பிலையோ ஒரு துண்டு வசம்போ போதும்.