புல்கூரை வீடுகளுக்கு வந்த 87,000 ஷில்லிங்

மேற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரியை ஒட்டி இருக்கிறது சியாயா மாவட்டம். மக்காச்சோளம்தான் அங்கே வெள்ளாமை, அதுதான் சாப்பாடும். அறுவடை முடிந்த கையோடு பள்ளிக் கட்டணம், பழைய கடன் என்று செலவுகள் வாசலில் வந்து நிற்கும். விவசாயி விளைச்சலில் ஒரு பகுதியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். சில மாதங்களில் வீட்டில் தானியம் தீர்ந்துபோகிறது. அப்போது அதே மக்காச்சோளத்தை ஏறிய விலை கொடுத்துச் சந்தையில் வாங்க வேண்டியிருக்கிறது. பொறுத்திருந்து விற்றால் லாபம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பொறுத்திருக்கக் கையில் காசு இல்லை.

நேரடிப் பண உதவி குறித்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று இந்த மாவட்டத்தில்தான் நடந்தது. 2014 முதல் 2017 வரையிலான காலத்தில், கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் இங்கே 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 87,000 ஷில்லிங் கொடுத்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,000 டாலர். ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் செலவில் முக்கால் பங்கு. ஆய்வுக்கு உட்பட்ட 653 கிராமங்களில் எவற்றுக்குப் பணம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். அதனால் பணம் வந்த ஊரையும் வராத ஊரையும் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

பணம் மூன்று தவணைகளில் செல்பேசிக்கு வந்தது. கென்யாவில் 2007 முதல் இயங்கும் எம்-பெசா செல்பேசிப் பணச் சேவைக்கு வங்கிக் கணக்கு தேவையில்லை. பக்கத்துக் கடையிலிருக்கும் முகவரிடம் போனால் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. தகுதி ஒன்றே ஒன்று: வீட்டுக் கூரை புல்லால் வேய்ந்ததாக இருக்க வேண்டும்.

பலர் முதலில் மாற்றியதும் அந்தக் கூரையைத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் செலவாகத் தோன்றலாம். புல்கூரையின் கீழ் வாழ்ந்தவருக்கு அப்படித் தோன்றாது. மழைக்கு மழை ஒழுகும், பூச்சி அரிக்கும், புல் தேடி மறுபடி மறுபடி வேய வேண்டும். தகரம் போட்டுவிட்டால் அந்தச் செலவு பல ஆண்டுகளுக்கு நிற்கிறது. கூரையின் விளிம்பில் ஒரு வாளி வைத்தால் மழைநீரும் கிடைக்கிறது. தண்ணீருக்காகப் பெண்கள் நடக்கும் நடையில் சில மிச்சமாகின்றன. கூரைக்கு அடுத்து ஆடு, மாடு, கட்டில், நாற்காலி.

ஏழைக்குக் காசு கொடுத்தால் குடித்தே அழிப்பான் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. சியாயாவின் ராரியேடா பகுதியில் இந்தப் பெரிய ஆய்வுக்கு முன்பே ஓர் ஆய்வு நடத்திய யோஹானஸ் ஹவுஷோஃபர், ஜெரமி ஷாபிரோ ஆகியோரின் முடிவுகள் 2016-ல் வெளிவந்தன. மதுவுக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடவில்லை. சாப்பாட்டுச் செலவு கூடியது. இதற்குப் பிறகும் அந்தப் பழியைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஏழைகளுக்குச் செய்யும் அநீதி.

பணம் வாங்காத அண்டை வீடுகளின் கதை இன்னும் வியப்பானது. அவர்களின் வாழ்வும் மேம்பட்டது, முக்கியமாகக் கூலி வருமானத்தால். உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலராகப் பெருகியது என்பது பெரிய ஆய்வை நடத்திய எட்வர்ட் மிகுவேல் உள்ளிட்டோரின் கணக்கு. இவ்வளவு பணம் புழங்கினால் விலைவாசி எகிறியிருக்க வேண்டாமா? சராசரியாக 0.1 சதவீத அளவுக்கே ஏறியது. கிராமத்து மாவு மில்லை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். மில்லும் ஆளும் இருக்கின்றன. நாளின் பெரும்பகுதி அரைக்க வருபவர்தான் இல்லை. கூடுதலாகப் பத்துப் பேர் சோளத்தோடு வந்தால் மில்காரர் சும்மா இருந்த நேரம் வருமானமாகிறது. அரைப்புக் கூலியை ஏற்ற வேண்டிய அவசியம் வருவதில்லை.

2025-ல் வெளியான அடுத்த முடிவைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. பணம் கிடைத்த குடும்பங்களில், ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பேறுகாலத்தை ஒட்டிப் பணம் வந்த வீடுகளில் பலன் அதிகம். நிறைமாதத்தில் வேலைக்குப் போகாமல் கர்ப்பிணியால் ஓய்வெடுக்க முடிந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த குடும்பங்களே அதிகம் பயனடைந்தன. உதவி நின்றபின் இறப்பு விகிதம் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆஸ்பத்திரி கட்ட வேண்டிய பொறுப்பிலிருந்து பணம் யாரையும் விடுவிப்பதில்லை.

மொத்தமாகக் கொடுப்பதா, மாதாமாதம் கொடுப்பதா? கென்யாவின் வேறு கிராமங்களில், அபிஜித் பானர்ஜி, தவ்நீத் சூரி உள்ளிட்டோர் இதையும் ஆராய்கிறார்கள். சிலருக்கு மொத்தத் தொகை. சிலருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 2,250 ஷில்லிங். சிலருக்கு அதே தொகை 12 ஆண்டுகளுக்கு. 2023-ல் வந்த முடிவுகளின்படி, மொத்தமாக வாங்கியவர்கள் இரண்டாண்டுக்காரர்களைவிட அதிகம் தொழில் தொடங்கினார்கள். 12 ஆண்டு உறுதி பெற்றவர்களோ தங்களுக்குள் குழு சேர்ந்து, மாதப் பணத்தைப் போட்டு முறைவைத்து எடுத்துக்கொண்டார்கள். நம்மூர்ச் சீட்டேதான். சிறு தொகையைக் கடையோ மாடோ வாங்கும் அளவுக்குத் திரட்டும் வழியை யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

எல்லா இடத்திலும் வரவேற்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. பக்கத்து ஹோமா பே மாவட்டத்தில், உழைக்காமல் வரும் பணத்துக்குப் பின்னால் சாத்தான் வழிபாடு இருப்பதாக வதந்தி பரவி, பலர் வேண்டாம் என்று மறுத்தார்கள்.

இந்தியாவில் பிஎம்-கிசான் திட்டத்தின் 6,000 ரூபாய், ஆண்டுக்கு மூன்று முறை 2,000 ரூபாயாக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. உரமோ விதையோ வாங்கும் நேரத்தில் வந்தால் அதுவும் கைகொடுக்கும். மாடு வாங்கும் தொகையல்ல. அதைவிடப் பெரிய குறை, யாருக்கு என்பதில் இருக்கிறது. சியாயாவில் கூரையைப் பார்த்துக் கொடுத்தார்கள். இங்கே நிலம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கும், அந்த வயலில் நாற்று நடும் நிலமற்ற பெண்ணுக்கும் இந்தத் தவணை வருவதில்லை.