முதலொலி காத்த பெயர்கள்

அமெரிக்கச் சித்திரக் கதை வீரர் பலரின் பெயர்களிலே இரு பகுதிகளும் ஒரே ஒலியிற் தொடங்குகின்றன. பீற்றர் பார்க்கர், புரூஸ் பானர், றீட் றிச்சர்ட்ஸ் என்போர் அத்தகையோர். 1961, 1962 ஆம் ஆண்டுகளில் ஓவியருடன் கூடி இவர்களைப் படைத்தவர் ஸ்ரான் லீ. ஒரே காலத்திற் பல கதைகளை எழுதிய அவர், பெயரின் ஒரு பாதி நினைவில் நின்றால் மறுபாதிக்கும் அது துணையாகும் என்பதற்காகவே இவ்வாறு பெயரிட்டதாகக் கூறினார்.

ஆயினும் மறதி அவரை விடவில்லை. 1963 இல் பார்க்கர் ஓரிடத்திற் ‘பாமர்’ ஆனார். 1964 இல் புரூஸ் ‘பொப்’ ஆனார். பெயர் பிழைத்தது, முதலொலி பிழைக்கவில்லை. வாசகர் பிழையைச் சுட்டவே, ‘றொபேர்ட் புரூஸ் பானர்’ என்பதே இனி முழுப்பெயர் என்றார் லீ. றொபேர்ட்டின் சுருக்கமன்றோ பொப்! தவறிய பெயரும் இவ்வாறு உரிய பெயராயிற்று.