படத்தின் பின்னால் எழுதாத ஆண்டு

எங்கள் வீட்டு ஆல்பத்தில் தரங்கம்பாடிப் படங்கள் எல்லாமே கொஞ்சம் சாய்ந்திருக்கும். அப்பாவிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு சுருளுக்கு 12 படம்தான். சரியாக வந்ததோ இல்லையோ, இரண்டாவது படம் எடுக்க மனசு வராது. எழுபதுகளின் கடைசியில், முழுப்பரீட்சை லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போனபோது எடுத்தவை. அவற்றை ஃபோனில் ஏற்றிக்கொண்டு, அப்பா நின்ற இடங்களிலேயே நின்று படம் எடுக்கலாம் என்று கேமராவும் கையுமாகக் கிளம்பினேன்.

அன்று மாயவரத்தில் ஏறினால் ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று மீட்டர்கேஜ் ரயில் கொண்டுபோய் விடும். 1926-ல் போட்ட அந்தப் பாதையை 1986-ல் மூடினார்கள். அந்த மாயவரம் இப்போது மயிலாடுதுறை, தனி மாவட்டம். தரங்கம்பாடிக்கு இன்றும் பஸ்தான்.

கோட்டை அன்றைவிட இன்றுதான் அழகு. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க், எங்கள் படங்களில் காரை உதிர்ந்து நிற்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்த ஆர்வலர்களும் நம் தொல்லியல் துறையும் பழுது பார்த்தபின் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் படம் தேறுகிறது. ராஜவீதியும், பாதிரியார் சீகன்பால்கு 1718-ல் எழுப்பிய தேவாலயமும் அப்படித்தான். பழைய கட்டடம் என்றால் இடித்துத் தள்ளும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

மாசிலாமணி நாதர் கோயில் பக்கம்தான் என் திட்டம் முறிந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. ஆனாலும் அப்பாவின் படத்தில் கோயிலுக்கு இந்தப் பக்கம் மணல் இருக்கிறது. அத்தைப் பெண்கள் இருவரும் நானும் பாவாடையும் டவுசருமாக வரிசையாக நிற்கிறோம். எங்கள் பின்னால் யாரோ வலை உலர்த்தியிருக்கிறார்கள். அதே கோணம் வேண்டுமென்றால் நான் கரையில் கொட்டியிருக்கும் பாறாங்கற்களைத் தாண்டி அலைக்குள் இறங்க வேண்டும். கற்களின் மேல் ஏறி நின்று எடுத்தேன். புதுப்பித்த கோயிலின் வண்ணம் பளிச்சென்று வந்தது, மணலுக்கு வழியில்லை.

இன்னொரு படத்தில் கட்டுமரம். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயப்போடுவார்கள். நீரில் ஊறிய மரம் கனம் கூடி இழுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. காய்கிற மரத்தின் மேல் உட்கார்ந்துதான் நாங்கள் மாங்காய் தின்போம். இன்று கரை முழுக்க எஞ்சின் வைத்த ஃபைபர் படகுகள். வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம் ஃபோனை நீட்டினேன். “மரத்துல போனா காத்துக்கு யாரு காசு கேட்டா தம்பி? இப்ப கரையை விட்டு இறங்குனாலே டீசல் கணக்குதான்” என்றார். படத்தில் இருந்த வீடுகளைக் காட்டி, “இதெல்லாம் சுனாமில போச்சு” என்று நிறுத்திக்கொண்டார்.

2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஊரில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்குத் தள்ளி வீடு தருவதாக அரசு சொன்னது. வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் வந்தன. பாதுகாப்புதான், மறுக்க முடியாது. ஆனால் திண்ணையில் இருந்தபடியே கடலைப் பார்த்து, இன்றைக்கு இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்த குடும்பங்கள் அவை.

கோட்டைக்கு அன்றும் இன்றும் படம் எடுக்க ஆளுண்டு. குப்பமும் மணலும் தற்செயலாகத்தான் படத்தில் விழுந்திருக்கின்றன, எங்கள் முதுகுக்குப் பின்னால். கரை எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சாய்ந்த படம். அதிலும் பின்பக்கம் எந்த ஆண்டு என்று அப்பா எழுதவில்லை. உங்கள் வீட்டிலும் கடற்கரைப் படங்கள் இருக்கும். ஆல்பம் பழசாகிவிட்டது என்று பரணில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஊர், ஆண்டு, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் எழுதி வையுங்கள்.