ஸைபருக்குப் பின் ஒரு ஸைபர்

யானை சுவாமியை வலம் வந்ததால் கரிவலம்வந்தநல்லூர் என்ற பெயர் ஏற்பட்டதாகச் சொல்வார்கள். நமக்கோ, அந்த ஊர் அன்பர் ஒருவர் சென்னையிலுள்ள ஒரு காரியாலயத்தை டெலிபோனிலேயே வலம் வந்த கதைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் அவருடைய பென்ஷன் காகிதம் அங்கே முடங்கிக் கிடந்தது. "சற்று இருங்கள், ஸெக்‌ஷனுக்குத் தருகிறேன்" என்றது ஒரு குரல். 'டக்' என்று ஒரு சப்தம். லைன் அற்றுப் போயிற்று. மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும் 'டக்'. மூன்றாவது தடவையும் அதே கதி. தம்மை வேண்டுமென்றே விரட்டுகிறார்கள் என்று மனிதர் மனம் நொந்து போனார்.

சென்னைக்குப் போனபோது நாம் அந்தக் காரியாலயத்துக்கே சென்று பார்த்தோம். விரட்டல் ஒன்றுமில்லை. குமாஸ்தா பாவம், ரிஸீவர் வைக்கும் கொக்கியை அழுத்தி, நிதானமாக விட்டுக் கொண்டிருந்தார்!

பழைய சுழலும் டெலிபோனில் எண் என்பதே மின்சாரத்தை நறுக்குவதுதான். 5 சுழற்றினால் ஐந்து நறுக்கு, ஸைபருக்குப் பத்து. கன்ஸாஸ் நகரத்தில் பிரேத ஸம்ஸ்காரத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வரும் அழைப்புகளை டெலிபோன் பெண்மணிகள் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாக ஸந்தேகித்து, ஆள் துணையின்றி இணைக்கும் யந்திரத்துக்கு 1891-ல் பேடண்ட் பெற்றார் என்பது கதை. 1963-ல் அமெரிக்காவில் பொத்தான் டெலிபோன் வந்தது. அதில் ஒவ்வோர் எண்ணும் இரண்டு ஸ்வரங்களின் சேர்க்கை. ஆனால் நறுக்கு அடியோடு ஒழியவில்லை. 'பிளாஷ்' என்ற விசை அதன் வாரிசு. அரை ஸெகண்டு நறுக்கினால், "இவரை நிறுத்தி வை, வேறு எண் சொல்கிறேன்" என்று காரியாலயத்துப் பெட்டி புரிந்துகொள்ளும். நறுக்கு ஒரு ஸெகண்டுக்கு மேல் நீடித்தால், "பேச்சு முடிந்தது" என்று அர்த்தம். நமது அன்பர் மூன்று முறை அகப்பட்டுக் கொண்டது அந்த அரை ஸெகண்டில்தான்.

இந்தப் பெட்டிகளை நம் நாட்டார் செய்த விதமும் சொல்லத் தக்கது. 1984-ல் ஏற்பட்ட ஸி-டாட் ஸ்தாபனத்தார், குளிர்சாதன அறை வேண்டாமல் வெயிலையும் புழுதியையும் தாங்கும் கிராம எக்ஸ்சேஞ்ஜ் ஒன்றை உண்டாக்கினார்கள். அதன் முதல் பெட்டி 1986-ல் கர்நாடகத்திலுள்ள கிட்டூரில் வைக்கப்பட்டது. காரியாலயங்களுக்கென்று 128 லைன் பெட்டியும் செய்தார்கள்.

குமாஸ்தா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இப்போதே அவரைக் கூப்பிடுகிறேன்" என்று 0, 4636 என்று தட்டினார். பலிக்கவில்லை. உள்ளே பேசும் எண்களும் வெளியே போகும் எண்களும் கலந்துவிடாதிருக்க, அங்கே முதல் ஸைபரைப் பெட்டியே வாங்கிக்கொண்டு வெளி லைனைக் கொடுத்துவிடும். (சில இடங்களில் 9.) வெளியூர் என்பதைச் சென்னை எக்ஸ்சேஞ்ஜுக்குத் தெரிவிக்க இன்னொரு ஸைபர் வேண்டும். அதன் பிறகே 4636 என்றால் சங்கரன்கோயில் வட்டாரம் என்று அதற்கு விளங்கும். மீதி ஆறு எண்கள் வீட்டைக் காட்டும்.

இரண்டு ஸைபர் போட்டுப் பார்த்தார். கரிவலம்வந்தநல்லூரில் மணி அடித்தது.