சாமை விளையும் மலையில் வறுமை ஏன்?



ஜவ்வாது மலை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பீமன் நீர்வீழ்ச்சியும் ஜமுனாமரத்தூர் கோடை விழாவும்தான். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் காவலூர் தொலைநோக்கியைச் சொல்லுவாங்க. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதியைச் சொல்பவர்கள் குறைவு. அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை அம்மாநில அதிரடிப்படையினர் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள்.

செத்தவர்கள் யார், எப்படிப் பிடிபட்டார்கள் என்பதெல்லாம் கோர்ட்டு விவகாரம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சொந்த நிலம் வைத்திருக்கும் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்து ஆண்மகன், கூலிக்காக மலையை விட்டு ஏன் இறங்குகிறான்?

உடனே நாம் என்ன சொல்வோம்? படிப்பு இல்லை, ரோடு இல்லை, கடன் கொடு, ஆடு கொடு என்போம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்த நிலத்தில் ஒன்றும் விளையவில்லை என்று நினைத்தால் தப்பு. சாமை விளைகிறது! மழையை மட்டும் நம்பி ஆனி, ஆடியில் விதைத்து, மூன்று மூன்றரை மாதத்தில் அறுக்கிறார்கள். பூச்சி மருந்துச் செலவு அநேகமாகக் கிடையாது. புளி உண்டு, தேன் உண்டு. பின் எங்கே ஓட்டை?

ஓட்டை களத்துமேட்டில் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் வாங்கிய கடனுக்காக, உமி நீக்காத சாமையை அப்படியே மூட்டை கட்டி வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அறுத்த கையோடு எல்லோரும் விற்பதால் விலையும் இறங்கிக் கிடக்கும். அது சமவெளி மில்லுக்குப் போய்ச் சாமை அரிசியாகி, பாக்கெட்டில் அடைபட்டுக் கடைக்கு வரும்போதுதான் நல்ல விலை. அந்த லாபத்தில் மலைக்கு ஒரு காசு கிடையாது.

அவர்களே அரிசியாக்கி விற்கலாமே என்பீர்கள். சாமை மணி நெல் மாதிரி இல்லை, ரொம்பச் சின்னது. உமி மேலே கெட்டியாக ஒட்டியிருக்கும். உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி... பெண்கள் கை ஓய்ந்து போகும். வீட்டுச் சோற்றுக்கே இந்தப் பாடு என்றால் சந்தைக்கு எத்தனை மூட்டை குத்த முடியும்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் இதே கதைதான். மரவள்ளிக்கு ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன, கையில் ரொக்கம் கிடைத்தது. குத்துகிற வேலையும் மிச்சம். சிறுதானியப் பரப்பு சுருங்கிப் போயிற்று. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையோடு நிற்காமல், உமி நீக்கும் மிஷினையும் ஊருக்குள் கொண்டுவந்து சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தது. வறுமை ஒழிப்பு என்றால் மான்யம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு மிஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. வேகமாகச் சுற்றும் இம்பெல்லர் தானியத்தை எறிந்து சுற்றுச் சுவரில் மோதவிடும், உமி வெடிக்கும், பிளோயர் அதை ஊதித் தள்ளும். வேகம் கூடினால் அரிசி நொறுங்கும், குறைந்தால் உமி அப்படியே இருக்கும். ஈரத் தானியமும் ஆகாது. கல்லை முதலிலேயே பிரிக்காவிட்டால் அரிசியோடு கல்லும் பாக்கெட்டில் ஏறிவிடும். இன்னொரு சங்கதி, உமியோடு இருக்கும் சாமை வருஷக்கணக்கில் கெடாது. அரிசியாக்கிவிட்டால் தவிட்டு எண்ணெயால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே உமியோடு கிடங்கில் வைத்து, ஆர்டர் வரவர அரைப்பதே லாபம். அதற்கு மிஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சரி, விலை ஏறும்வரை கிடங்கில் வைத்தால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? தனி ஆளால் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால்தான் கூட்டு அமைப்பு. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனி என்ற வகை வந்தது. 10 விவசாயிகள் சேர்ந்தால் தொடங்கலாம். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. ஜவ்வாது மலையிலும் பழங்குடி விவசாயிகளுக்கு இப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது. சாமை, தேன், புளி விற்கிறார்கள். கொள்முதல் அன்றே பாதிப் பணமாவது கையில் கொடுக்க மூலதனம் இருந்தால்தான் வியாபாரியை மறப்பார்கள். என்னைக் கேட்டால் அரசு பணம் போட வேண்டிய இடம் இதுதான்.

விளைச்சலுக்கு ஆள் இருக்கிறது. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள வேளாண் பல்கலைக்கழகச் சிறுதானிய மையம் 2019-ல் ஏ.டி.எல்.1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டது. ரிப்பேருக்குத்தான் ஆள் இல்லை. மலையில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடேறிக் காயில் கருகிவிடும். ஒரு பேரிங் போனால்கூட டவுனிலிருந்து ஆள் வரவேண்டும். வருவதற்குள் அறுவடையே முடிந்து, மூட்டை பழையபடி வியாபாரி லாரியில் ஏறிவிடும். பேரிங் மாற்றுவதும் காயில் சுற்றுவதும் நமக்கு ஒர்க்‌ஷாப் பாடம். மலைக் கிராமத்திலிருந்து வந்து நம்மோடு டிப்ளமோ படிக்கும் நண்பர்கள் ஊரில் இப்படி மிஷின் ஏதாவது துணி போர்த்திக் கிடந்தால், அடுத்த லீவில் டூல்ஸ் பெட்டியோடு இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அறுவடைக்கு முன்பே போவது நல்லது.