சும்மா நடக்கும் சுகம்

'உலா' என்னுஞ் சொல்லைத் தமிழ்ப் புலவர் வேந்தர்க்கும் இறைவர்க்கும் ஒதுக்கிவைத்துவிட்டனர். பாட்டுடைத் தலைவன் தேர்மீதோ யானைமீதோ வீதியிற் பவனி வர, பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகிய எழுவகைப் பருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்கினர் எனப் பாடுவதே உலாப் பிரபந்தத்தின் இலக்கணம். அப்பிரபந்தத்தில் உலா வருபவன் நடப்பதில்லை என்பதை அன்பர்கள் கவனித்தல் வேண்டும். நடப்பவர்கள் அவனுக்குக் குடை பிடிப்போரும் சாமரை வீசுவோருமே. நடந்தவர்களைப் பாடிய நூல்கள் வேறு, அவை ஆற்றுப்படைகள். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகளே. முருகனிடம் ஆற்றுப்படுத்தும் ஒன்றை நீக்கிவிட்டால், எஞ்சிய நான்கிலும் நடக்கின்ற பொருநனும் பாணனும் கூத்தனும் பசியினால் நடந்தவர்கள். வள்ளலின் வாயிலே அவர்களுடைய வழிக்கு எல்லை. பசியுமின்றிப் பரிசிலுமின்றி, ஊரைப் பார்க்கும் ஆசை ஒன்றினாலேயே மாலை வேளையிற் குடையுங் கையுமாகக் கிளம்பும் எளிய மனிதனுக்கு நம் முன்னோர் ஒரு பிரபந்தமும் வகுத்திலர்.

அந்த எளிய மனிதன் நடக்கத்தக்க ஊர்களுள் கரவனெல்லவும் ஒன்று என்பது என் துணிபு. இதனை நகரமென்று கூறினாற் கொழும்பார் நகைப்பர். சந்தியென்று கூறினால் எம்மூரவர் முகஞ்சுளிப்பர். அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கி மலையேறும் நெடுஞ்சாலையில், தெஹியோவிட்டைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் இடையே இவ்வூர் இருக்கின்றது. கேகாலையிலிருந்து புளத்கொஹுப்பிட்டி வழியாக வரும் வீதியும் இங்கேதான் வந்து முடிகிறது. ஓர் ஆதார வைத்தியசாலை, கடைகளின் வரிசை, பேருந்துக்கு நிற்போர் கூட்டம், பக்கத்திலே களனி கங்கை, சுற்றிலும் இறப்பர் மரங்கள் நிறைந்த குன்றுகள், இவ்வளவே ஊர். பேருந்திற் செல்வோர்க்கு இது இரண்டு நிமிட நேரத்து ஊர். நடப்பவனுக்கோ ஒரு முழு மாலைப் பொழுதுக்கும் போதுமானது.

தமிழாசிரியனாகிய எனக்கு முதலாவது இன்பம் பெயர்ப்பலகைகளை வாசித்தல். மும்மொழிகளிலும் எழுதிய பலகையொன்றின் முன் நின்றால் மூன்று புலவர்கள் ஒரு பொருளைப் பற்றி வாதிடுவதைக் கேட்பது போன்றிருக்கும். எட்டியாந்தோட்டை என்னும் பெயரைக் கேட்ட நம்மவர், தோட்டங்கள் நிறைந்த பகுதியாதலால் அதிலுள்ள 'தோட்டை'யைத் தோட்டமென்றே கொள்கின்றனர். அஃது அன்று. சிங்களத்தில் 'தொட்ட' என்பது துறை, அம்பாந்தோட்டையிலுள்ளதும் அதுவே. எனவே எட்டியாந்தோட்டை ஓர் ஆற்றுத்துறையே. தேயிலைக்கும் இறப்பருக்கும் முன்னரே பிறந்த பெயர் அது. அண்டையிலுள்ள ருவன்வெல்லையை எடுத்துக்கொள்வோம். 'ருவன்' என்பது வடமொழி இரத்தினத்தின் சிங்கள வடிவம், 'வெல்ல' மணற்கரை. மாவட்டத்து எல்லைக்கு அப்பாலிருக்கும் இரத்தினபுரிக்கு இச்சிற்றூர் பெயரளவிலே தங்கை முறையாகிறது. தெஹியோவிட்டையில் உள்ள 'தெஹி'யோ எலுமிச்சை. யாழ்ப்பாணத்தார் அதனைத் தேசிக்காய் என்பர். சகரம் ஹகரமாகத் திரிதல் சிங்களத்தில் இயல்பாதலின், 'தேசி'யும் 'தெஹி'யும் என் காதில் ஒன்றாகவே விழுகின்றன. இவற்றையெல்லாம் வகுப்பறையிற் கூறினால் மாணவர் கொட்டாவி விடுகின்றனர். பலகையின் கீழே நிறுத்திக் கூறினாலோ, "அப்படீன்னா கித்துல்கலைக்கு என்ன அர்த்தம் மாஸ்டர்?" என்று அவர்களே கேட்கின்றனர். கித்துள் என்பது கூந்தற்பனை. கல என்பது நம் கல்லேதான். இலக்கணத்தை நடந்துகொண்டே கற்பித்தல் நன்று எனக் கல்வித் திணைக்களத்திற்கு எழுதலாம் என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. சுற்றறிக்கையாகிவிட்டால் அவ்வின்பமும் போய்விடுமே என்றஞ்சி விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது இன்பம் ஆறு. சிவனொளிபாத மலைத்தொடரிற் பிறந்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்புக்கு வடக்கே கடலிற் கலக்கும் களனி கங்கை, இவ்விடத்தில் மலைநாட்டுத் துள்ளலை விட்டுச் சற்றே நிதானங் கொள்கிறது. இதன் நிறத்தைப் பார்த்தே மேல்நாட்டுச் செய்தியை அறியலாம். இங்கே வானம் தெளிந்திருக்க, நீர் மட்டும் தேநீர் நிறங்கொண்டு வருமாயின் கினிகத்தேனைப் பக்கத்து மலைகளிற் கடுமழை என்பது பொருள். ஆற்றங்கரை வாசிகள் இதனை வானொலிக்கு முன்னரே சொல்லிவிடுவர். மேலே கித்துல்கலையில், 1957 ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றுக்காக இவ்வாற்றின் குறுக்கே பாலமொன்றைக் கட்டி, படத்திற்காகவே அதனைத் தகர்த்தனர். குவாய் நதிப் பாலம் என்று அப்படத்தை உலகம் அறியும். தகர்ந்த பாலம் இருந்த இடத்தைக் காண வெளிநாட்டார் இன்றும் வருகின்றனர். தகராமல் நிற்கும் பாலங்களின்மீது அவர்களுடைய வாகனங்கள் விரைந்து சென்றுவிடுகின்றன. அவர்களை நொந்து பயனில்லை.

நாசிக்கும் இன்பமுண்டு, ஆனால் அதனைப் பழக வேண்டும். இறப்பர்ப் பாலைச் சேர்த்து, அமிலம் விட்டுத் திரையச் செய்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கிப் புகைபோடும் கூடத்தின் அருகே முதன்முறை செல்வோர் மூக்கைப் பொத்துவர். இங்கே பிறந்தவர்க்கோ அந்தப் புளித்த புகைமணம் தாய்வீட்டு மணம். 1876 இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து கப்பலேறி வந்து, கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்ட பிரேசில் நாட்டுக் கன்றுகளே இத்தனை குன்றுகளுக்கும் மூலம். ஆண்டின் தொடக்கத்தில் இம்மரங்கள் இலை சிவந்து உதிர்க்கும். வெயில் நாட்களில் முற்றிய காய்கள் படீரென வெடித்து வித்துக்களைச் சிதறும். புள்ளியிட்ட அவ்வித்தைக் கல்லில் உரைத்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைத்து அலற வைப்பது எங்கள் சிறுவர்களின் தலைமுறை தலைமுறையான திருவிளையாட்டு. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களின் பெயர்களைக் கோத்தார். இறப்பர் வித்து அவர் காலத்தில் இந்நாட்டை எட்டியிருப்பின் அதற்கும் ஓரிடம் அளித்திருப்பார் என்று நம்புகிறேன்.

இவ்வளவும் ஓய்வுள்ளவன் பேச்சு என்று கூறுவாரும் உளர். அவர்கள் கூற்றைத் தள்ளிவிட முடியாது. சில காலத்திற்கு முன் ஒரு ஞாயிறு மாலை, லயத்து முகப்பில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், நாற்பதாண்டு பால் வெட்டியவர், என்னை அழைத்து, "எங்கிட்டு மாஸ்டர் போறீங்க?" என்றார்.

"எங்கயும் இல்ல பாட்டி, சும்மாதான் நடக்கிறேன்" என்றேன்.

"சும்மா நடக்கிறதா? எங்க காலத்துல சும்மா நடந்தா, ஏன்னு கேக்க ஆளு இருந்துச்சு" என்று சிரித்தார்.

அச்சிரிப்பினுள் நூற்றாண்டொன்றின் வரலாறு அடங்கியிருந்தது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தோரின் துயரம் பலரும் எழுதியது. களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்கள் பெருகியதோ அதற்குப் பின்னர், புகையிரத காலத்திலே. ஆனால் வந்து சேர்ந்த பின்னர் நடப்பதற்குத் தடையிருந்தது. 'துண்டு' என்றால் இன்றைய மாணவன் தோளில் இடுவதையே நினைப்பான். அன்று அது ஒரு காகிதச் சீட்டு. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளியை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுப்பது. அச்சீட்டு இன்றி வேறு தோட்டம் அவனை ஏற்காது. கடனைச் செலுத்தும் புதிய தோட்டமோ அதனையும் அவன் கணக்கிலேயே ஏற்றும். இவ்வாறு கடன் அவனுக்கு முன்னே நடக்க, அவன் கடனுக்குப் பின்னே நடந்தான். 1921 ஆம் ஆண்டிலேதான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிந்த பின்னரும், தோட்டத்து வீதி தோட்டத்தின் உடைமை. அனுமதியின்றி நுழைந்தவர், தொழிற்சங்கத்தாராயினும் உறவினராயினும், அத்துமீறியவர் எனப்பட்டனர். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளை இம்மாவட்டத்தை வாட்டியபோது சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களில் நடந்தனர். அவர்களுடன் நின்ற கலாநிதி என். எம். பெரேரா 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். நடையினால் வாக்குப் பெற்றவர் என்று அவரைக் கூறலாம். அவ்வாறு நடந்து வாக்குக் கேட்போரும், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின்னர், லயங்களின் பக்கம் வர வேண்டிய தேவை குறைந்து போயிற்று. வாக்கில்லாத வாசலில் எவர் நிற்பர்? எஞ்சியிருந்தோர்க்குங் குடியுரிமை அளித்த சட்டம் வந்தது 2003 இல்.

என் தலைமுறைக்கு நேர்ந்தது வேறு. 2009 வரை நீண்ட போர்க்காலத்தில், தமிழ் பேசும் இளைஞன் ஒருவன் மாலையில் வீட்டுப்படி இறங்குமுன் அடையாள அட்டை சட்டைப்பையில் உள்ளதா என்று தடவிப் பார்ப்பான். "எங்கே போகிறாய்?" என்று வீதித்தடையிற் கேட்டால், "சும்மா" என்பது விடையாகாது. எங்கேனும் ஒரு கடையை, ஒரு மருந்தை, ஒரு மாமனை விடையாக வைத்திருத்தல் வேண்டும். அப்பழக்கத்தின் தழும்பு இன்னுமுளது. வெளியே புறப்படுகையில் என் கை இன்றும் தானாகவே மார்புப் பைக்குச் செல்லும். சைவ சாத்திரிகள் சும்மா இருத்தலைப் பெரும் பேறென்பர். சும்மா நடத்தலும் அதற்குக் குறைந்ததன்று என்பதை, நடக்கத் தடுக்கப்பட்டவரே அறிவர்.

மழையும் ஒரு காவற்காரனே. ஆண்டில் 3000 மில்லிமீற்றருக்குக் குறையாத மழை பொழியும் நாடிது. மழை நாளிற் பால் வெட்டில்லை. வெட்டில்லையேற் கூலி சுருங்கும். ஆகவே குடைக்குள் நின்று மழையழகை வியக்கும்போது அயலில் நிற்பவர் முகத்தையும் பார்த்துக்கொள்ளுதல் நலம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், எமக்கு அணித்தான புளத்கொஹுப்பிட்டிப் பக்கத்திலும் தோட்டக் குடியிருப்பின்மேல் மண் வீழ்ந்து உயிர்கள் போயின. அதன் பின்னர் குன்றோரம் நடக்கையில் எங்களவர் கண்கள் மலரைத் தேடுமுன் நிலத்தில் வெடிப்பைத் தேடுகின்றன.

மழை விட்ட வேளைகளில் இன்னும் சிறிது தூரம் சென்று ருவன்வெல்லையிலே, கண்டி இராச்சியம் வீழ்ந்த சில ஆண்டுகளுள் ஆங்கிலேயர் எழுப்பிய கோட்டையின் வாயில் வளைவைப் பார்க்கலாம். 1903 இல் எட்டியாந்தோட்டை வரை நீண்டு, 1942 இல் போர்க்காலத்திலே தண்டவாளம் பெயர்க்கப்பட்ட ஒடுங்கிய பாதைப் புகையிரதத்தைப் பற்றி முதியோரைக் கேட்கலாம். இரண்டடி ஆறங்குல அகலமே உடைய பாதை அது. அதிற் சென்றோர் இப்போது இல்லை. அதனைப் பற்றித் தம் தந்தையர் கூறியதைக் கூறுவோர் உளர். கேட்கத் தொடங்கினால் ஒரு தேநீருடன் முடியாது. தேநீர்க் கடையிற் சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகுதல் இவ்வூர் நடையின் நடுநாயகம் என்பேன். வைகாசி விசாகத்தையொட்டிய வெசாக் நாட்களிலாயின் அதற்கும் காசில்லை. சிங்கள அயலவர் வீதியோரம் பந்தலிட்டு, வருவோர் இன்னாரென்று பாராது கையிற் கோப்பையைத் திணிப்பர். காகித விளக்குகளின் கீழே தோட்டத்துப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நடப்பது அன்றைய தனிக்காட்சி.

பெயர்ப்பலகைகளைப் பற்றிக் கூறியதில் ஒன்றை விட்டுவிட்டேன். பிழைகள். தமிழெழுத்தறியாதார் கணினியில் அச்சிட்டுத் தரும் பலகைகளில் ஒற்றெழுத்துக்கள் படும்பாட்டை எழுதினால் இப்பக்கம் கொள்ளாது. முன்னெல்லாம் எனக்கு அவற்றைக் கண்டாற் சினம் பொங்கும். இப்போது மாணவர்க்கு அதனை ஒரு விளையாட்டாக்கியிருக்கிறேன்: ஞாயிறு நடையில் பிழையொன்றைக் கண்டு திருத்தமும் எழுதி வருவோர்க்குத் திங்களன்று வகுப்பில் கைதட்டல். சென்ற மாதம் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சந்தியிலுள்ள கடையொன்றின் பலகையில் 'வெதுபகம்' என்றிருப்பதைக் கண்டு, உள்ளே சென்று சிங்கள முதலாளியிடமே, "ஒரு 'ப்' விடுபட்டிருக்கு ஐயா" என்று சிங்களத்திற் கூறிவிட்டாள். அவர் அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் உட்புறஞ் சென்று மைச்சாயக் குப்பியொன்றையும் தூரிகையையும் எடுத்துவந்து, நாற்காலியொன்றை இழுத்துப் போட்டு, "நீயே எழுது மகளே" என்று அவள் கையிற் கொடுத்தார். இடம் போதாமையால் அந்த எழுத்து மற்றவற்றினும் சிறியதாய், சற்றே மேலேறி நிற்கிறது. புள்ளி மட்டும் நன்கு பெரிதாக இருக்கிறது. சந்தியின் மறுகரையிலிருந்தே தெரியும்.